வானத்திலே ஒரு கணக்கீட்டாளர்!

வீட்டு வாசலிலே நின்று மீட்டரை அண்ணாந்து பார்த்து, அட்டையிலே எண்ணைக் குறித்துவிட்டுப் போகிறாரே மின்வாரியத்துக் கணக்கீட்டாளர், அவரை நம் தோழர்கள் அனைவரும் அறிவார்கள். இரண்டு திங்களுக்கு ஒரு முறை வருவார். எண் கூடிவிட்டால் அவரிடம் முறையிடலாம். "அண்ணே, இன்னொரு தடவை நல்லாப் பாருங்க" என்று கேட்கலாம். பார்ப்பார். மனிதர் அல்லவா!

இன்னொரு கணக்கீட்டாளர் இருக்கிறார். அவர் நாள்தோறும் வருகிறார். நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவிலே வருகிறார். கதவைத் தட்டுவதில்லை. நாய் குரைப்பதில்லை, பேர்பெற்ற இராசபாளையத்து நாய்கூடக் குரைப்பதில்லை! ஏனெனில் அவர் வருவது தெரு வழியாக அல்ல. தலைக்கு மேலே, ஏறத்தாழ 830 கிலோமீட்டர் உயரத்திலே, ஓசையின்றிக் கடந்து போகிறார். போகிற போக்கிலே கீழே எங்கெங்கே வெளிச்சம் தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்று குறித்துக்கொள்கிறார். அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, இந்த ஊரிலே இவ்வளவு மின்சாரம் செலவாகிறது, இந்த ஊர் இவ்வளவு வளர்ந்திருக்கிறது, இந்த ஊர் இவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறிஞர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

கதை அல்ல, தோழர்களே! 2011ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அமெரிக்கா ஏவிய 'சுவோமி' என்ற துணைக்கோளிலே இந்தக் கண் பொருத்தப்பட்டது. 2017இலே ஒன்று, 2022இலே ஒன்று என்று அதற்குத் தம்பிகள் இருவர் பின்னால் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் அனுப்பும் படங்களை உலக வங்கி பார்க்கிறது, பல்கலைக்கழகங்கள் பார்க்கின்றன, ஐதராபாத்திலே உள்ள நம் நாட்டுத் தேசியத் தொலையுணர்வு மையமும் பார்க்கிறது. பார்ப்பவர்கள் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலிலே நம் மாவட்டமும் இருக்கிறது. இருக்கிறது என்றால் அதைப்பற்றி நாமும் நாலு செய்தி தெரிந்துகொள்ளத்தானே வேண்டும்?

இந்தக் கலை பிறந்த விதமே வேடிக்கை. யாரும் விளக்கைப் பார்க்கப் போகவில்லை. மேகத்தைப் பார்க்கப் போனார்கள்! அமெரிக்கப் படைத்துறை, நிலா வெளிச்சத்திலே மேகம் எங்கே நிற்கிறது என்று அறிய, மிக மங்கலான ஒளியையும் பிடிக்கும் கண்ணொன்றைச் செய்து வானத்துக்கு அனுப்பியது. மேகம் இல்லாத இரவிலே பார்த்தால், அந்தக் கண்ணிலே ஊர்கள் தெரிந்தன! நியூயார்க்கு தெரிந்தது, லண்டன் தெரிந்தது, பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளிலே எரிந்துகொண்டிருந்த வாயுத் தீயும் தெரிந்தது. போருக்கென்று செய்த பொருள், ஊர்க் கணக்கு எழுதும் கருவியாயிற்று. 1992 முதல் அந்தப் படங்கள் எண்வடிவிலே சேர்த்துவைக்கப்பட்டன. கிறிஸ்டோபர் எல்விட்ஜ் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1997ஆம் ஆண்டிலே 21 நாடுகளை எடுத்துக்கொண்டு, ஒளி தெரியும் பரப்பையும் அந்நாடுகள் செலவிடும் மின்சாரத்தையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் இணைந்தே நடந்தன. ஒளி கூடிய நாட்டிலே மின்செலவும் கூடுதல்; ஒளி குறைந்த நாட்டிலே மின்செலவும் குறைவு. அதே எல்விட்ஜோடு சேர்ந்து ஐதராபாத்து அறிஞர்கள், 1993 முதல் 2002 வரையிலான இந்திய மாநிலங்களின் ஒளியையும் மின்செலவையும் ஒப்பிட்டு 2009இலே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்.

எப்படிப் போடுகிறார்கள் கணக்கை? கலியாண வீட்டுச் சமையற்காரரைக் கேளுங்கள், சொல்லுவார். பந்தி முடிந்ததும் கொல்லைப்புறத்திலே கிடக்கும் எச்சில் இலையை எண்ணுவார். இலைக்கு இவ்வளவு அரிசி என்பது அவருக்குப் பத்துக் கலியாணத்து அனுபவம். இலையை இத்தனையாலே பெருக்கினால் அரிசி இவ்வளவு. மூட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்! துணைக்கோள் அறிஞர்களும் அதைத்தான் செய்கிறார்கள். மேகமில்லாத, நிலவில்லாத இரவுகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். நம் நாட்டிலே ஐப்பசி கார்த்திகை அடைமழையிலே பல இரவுகள் பயன்படாமல் போகும். எஞ்சிய இரவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். ஒரு மாவட்டத்தின் மொத்த ஒளியைக் கூட்டுகிறார்கள். மின்வாரியம் விற்ற யூனிட்டு எண்ணிக்கை தெரிந்த இடங்களிலே ஒளிக்கும் யூனிட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பிடிக்கிறார்கள். பிறகு, யூனிட்டுத் தெரியாத இடத்துக்கு அந்த விகிதத்தைக் கொண்டுபோய்ப் பொருத்துகிறார்கள். இலையை எண்ணி அரிசியைச் சொல்லும் வித்தைதான்!

நல்ல வித்தை. ஆனால் சமையற்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அய்யா, இலை போட்டு உண்டவனை எண்ணிவிட்டீர்; தூக்குவாளியிலே சோற்றை வாங்கிக்கொண்டு போனவனை எப்படி எண்ணுவீர்?"

அந்தக் கேள்வியைத்தான் இராசபாளையத்திலே நின்று நாம் கேட்கிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலே இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அண்ணன் தம்பியாக நிற்கின்றன. இடையே இருப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கொல்லத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை இரண்டையும் கோத்துக்கொண்டு போகிறது. தம்பி திருவில்லிபுத்தூரைப் பால்கோவாவுக்கும், அரசு முத்திரையிலே நிற்பது எங்கள் கோபுரந்தான் என்று ஊரார் பெருமை பேசும் அந்தப் பதினோரு நிலைக் கோபுரத்துக்கும் நாடறியும். அண்ணன் இராசபாளையமோ ஆலை ஊர். 1936இலே பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையிலிருந்து கணக்கெடுத்தால், தொண்ணூறு ஆண்டுப் பஞ்சுத் தூசு படிந்த ஊர். பக்கத்திலே சத்திரப்பட்டி, மருத்துவமனையிலே புண்ணுக்குக் கட்டுகிறார்களே மெல்லிய துணி, அதை விசைத்தறியிலே நெய்து நாடெங்கும் அனுப்பும் ஊர்.

இப்போது அந்த ஒன்றரை மணிக்கு வாருங்கள். வானத்துக் கணக்கீட்டாளர் தலைக்கு மேலே வரும் நேரம். திருவில்லிபுத்தூரிலே கடைகள் மூடியாயிற்று, தேரடியிலே தெருவிளக்கு எரிகிறது, பேருந்து நிலையத்திலே உயர்கோபுர விளக்கு எரிகிறது. இவை அத்தனையும் அவர் கண்ணிலே படும். இராசபாளையத்திலே, ஆலைக்குள்ளே, முழு நைட்டு ஷிப்டு. ரிங் பிரேம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆயிரம் ஆயிரமாகக் கதிர்கள் சுழலுகின்றன. நூல் அறுந்த இடத்தை ஓடி ஓடி ஒட்டிக்கொண்டிருக்கிறான் நம் தோழன். பல ஆலைகளிலே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள் நம் தங்கை. பஞ்சை உடைக்கும் பொறி, சிக்கெடுக்கும் பொறி, ஈரக்காற்றை ஊதும் பெருவிசிறி எல்லாம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. நூற்பாலை முதலாளியைக் கேளுங்கள், பஞ்சுக்கு அடுத்தபடி பெரிய செலவு எது என்று, மின்சாரம் என்பார்.

அந்த மின்சாரத்திலே எவ்வளவு வானத்துக்குத் தெரிகிறது? ஆலைக்கு மேலே கூரை. சுற்றிலும் சுவர். ஈரப்பதம் வெளியே போய்விடக் கூடாது, நூல் அறுந்துவிடும் என்பதற்காகச் சன்னலையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் உழைக்கிறது. வெளியே தெரிவதோ வாயிற்காவலன் தலைக்கு மேலே எரியும் விளக்கும், சுற்றுச்சுவர் விளக்கும்! அதே நேரத்திலே நெடுஞ்சாலை ஓரத்திலே எவனோ ஒருவன், ஆளே வராத கடைக்கு முன்னால் பெரிய விளம்பரப் பலகைக்கு ஒளி பாய்ச்சிக்கொண்டிருந்தால், வானத்துக் கணக்கீட்டாளர் அவனுக்கே கூடுதல் மதிப்பெண் போடுவார். உழைக்கும் மின்சாரம் இருட்டிலே. ஊதாரி மின்சாரம் ஏட்டிலே!

தூக்குவாளிச் சோறு இதுதான். ஆலை மட்டுமா? உழவனைப் பாருங்கள். மும்முனை மின்சாரம் இரவிலே வரும் நாட்களிலே, கையிலே டார்ச்சு விளக்கோடு, பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து, வரப்பிலே நடந்துபோய் மோட்டாரைப் போடுகிறவன் அவன். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் என்றால், ஒரு குதிரைத்திறனுக்கு 746 வாட்டு வீதம் 3,730 வாட்டு. தெருவிலே எரியும் 20 வாட்டு எல்.இ.டி. விளக்குகள் 186ஐ ஒன்றாக எரித்தால் எவ்வளவு செலவாகுமோ அவ்வளவு. 186 விளக்கு எரிந்தால் அது ஒரு சிற்றூர். வானத்திலே புள்ளியாகத் தெரியும். ஒரு மோட்டார் ஓடினால்? கிணற்றங்கரையிலே இருட்டு. ஒரு மின்மினிக்குக் கிடைக்கும் மதிப்புக்கூட அந்த மோட்டாருக்குக் கிடையாது.

இதிலே ஒரு சிக்கல் நம் மாநிலத்துக்கே உரியது. கலைஞர் 1989இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த காலத்திலே உழவர் அனைவருக்கும் கட்டணமில்லா மின்சாரம் என்று ஆணையிட்டார். இன்று இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகள். அவற்றிலே மிகப் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மீட்டர் பொருத்தினால் பின்னாலேயே கட்டணம் வரும் என்று உழவன் அஞ்சுகிறான். அவன் அச்சத்துக்குக் காரணம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் விளைவு என்ன? மின்வாரியமே அந்தச் செலவை மதிப்பிட்டுத்தான் எழுதுகிறது. கீழே இருப்பவரும் மதிப்பீடு, மேலே இருப்பவரும் மதிப்பீடு! ஒரு மதிப்பீட்டைச் சரிபார்க்க இன்னொரு மதிப்பீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஒரு குருடருக்கு இன்னொரு குருடரைச் சாட்சிக்கு அழைத்த கதையாகிவிடும்.

பழைய கண்ணுக்கு இருந்த குறைகளை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1992 முதல் 2013 வரையிலான படங்களிலே ஒளிக்கு 0 முதல் 63 வரைதான் எண். பெருநகரத்தின் நடுவே எல்லாம் 63ஐ எட்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு கூடினாலும் 63தான். வெளிச்சம் கசிந்து பக்கத்துக் கட்டங்களிலும் படியும். திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அந்தக் கண்ணுக்கு ஒன்றோடொன்று கைகோத்த மங்கல் திட்டுக்கள். புதிய கண் கூர்மையானது. அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 742 மீட்டர் சதுரம். இரண்டு ஊரையும் பிரித்துக் காட்டும். ஊருக்குள்ளே எந்தப் பகுதி பளிச்சிடுகிறது என்றும் ஓரளவு காட்டும்.

ஆனால் கூர்மையான கண்ணுக்கும் ஒரு நிறக்குருடு உண்டு. அது மஞ்சளைப் பார்க்கும், சிவப்பைப் பார்க்கும், நம் கண்ணுக்குத் தெரியாத செவ்வொளிக்கு அப்பாலும் பார்க்கும், நீலத்தைப் பார்க்காது. பழைய சோடியம் விளக்கு மஞ்சள் ஒளி; அது முழுவதும் தெரியும். இப்போது நகராட்சிகள் மாட்டுகின்ற வெள்ளை எல்.இ.டி. விளக்கு, தன் ஒளியிலே ஒரு பங்கை நீலத்திலே வீசுகிறது. அந்தப் பங்கு துணைக்கோளுக்குத் தெரியாது. ஆக, ஓர் ஊர் சோடியத்தைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினால், தெருவிலே நடப்பவனுக்கு வெளிச்சம் கூடியிருக்கும், வானத்துக் கணக்கிலே குறைந்திருக்கும்! தெருவிளக்கின் மின்செலவு குறைந்தது உண்மை. ஆனால் அதைப் பார்த்து அந்த ஊரின் ஆலையும் தறியும் தேய்ந்துவிட்டன என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய தவறு!

மலைப்பக்கம் இன்னொரு வேடிக்கை. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பைத் தாண்டி மலை. 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே மின்கம்பம் ஏது? ஆனால் மாசி, பங்குனியிலே புல் காய்ந்து காட்டுத்தீ பிடித்தால், அந்த இரவிலே மலை, நகரம்போல ஒளிவிடும். அறிஞர்கள் அதை இனங்கண்டு கழித்துவிட வேண்டும், கழிக்கிறார்கள். கழிக்காத கணக்கை எடுத்துவைத்தால், புலிக்கும் அணிலுக்கும் மின்வாரியம் இணைப்புக் கொடுத்துவிட்டது என்று ஆகும்!

சரி, இத்தனை ஓட்டை சொல்லுகிறீர்களே, இது வேண்டாத வேலையா என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை! வேண்டிய வேலை. சில இடங்களிலே இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஏன் என்றால், இந்தச் சாட்சிக்கு மேலதிகாரி இல்லை. பதவி உயர்வு வேண்டியதில்லை. மாற்றல் பயம் இல்லை.

சிரியா நாட்டிலே 2011இலே உள்நாட்டுப் போர் மூண்டது. நான்கே ஆண்டுகளிலே அந்நாட்டின் இரவு ஒளியிலே 83 விழுக்காடு அவிந்துபோயிற்று என்று சீன நாட்டு ஊகான் பல்கலைக்கழகத்து அறிஞர் துணைக்கோள் படங்களைக் கொண்டு சொன்னார். எந்த நிருபர் அத்தனை ஊருக்கும் போய் எழுத முடியும்? கொரியாவைப் பாருங்கள்: தெற்கு ஒளி வெள்ளம், வடக்கு இருள் பள்ளம். நடுவே எல்லைக்கோடு, யாரோ மையால் வரைந்தது போல! சர்வாதிகாரம் நடத்தும் நாடுகள் தங்கள் வளர்ச்சிக் கணக்கிலே எவ்வளவு புளுகுகின்றன என்று கண்டறிய, லூயிசு மார்ட்டினெசு என்ற பொருளாதார அறிஞர் இந்த ஒளியைத்தான் உரைகல்லாக எடுத்தார். அந்நாடுகள் தங்கள் ஆண்டு வளர்ச்சியை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஊதிக் காட்டுகின்றன என்பது 2022இலே அவர் வெளியிட்ட முடிவு. ஏட்டிலே எழுதிய வளர்ச்சி தெருவிலே ஒளியாகவில்லை, மாட்டிக்கொண்டார்கள்!

நம் நாட்டுச் செய்தி ஒன்று சொல்லுகிறோம், கேளுங்கள். பிரையன் மின் என்பவர் அமெரிக்காவிலே மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரசியல் பேராசிரியர். உலக வங்கியோடு சேர்ந்து, இந்தியாவின் ஆறு இலட்சம் சிற்றூர்களின் இருபதாண்டு இரவு ஒளியையும் தொகுத்து 2015இலே வெளியிட்டார். அதே ஆண்டிலே அவரும் இரண்டு அறிஞர்களும் இன்னோர் ஆய்வும் செய்தார்கள். இந்தியாவிலே சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்த தொகுதிகளை எடுத்துக்கொண்டு, தேர்தலுக்கு முன்னாலே அங்கே ஒளி எப்படி இருந்தது என்று பார்த்தார்கள். என்ன கண்டார்கள்? ஊகித்திருப்பீர்கள்! இடைத்தேர்தல் வரும் தொகுதியிலே ஒளி கூடுகிறது! அண்டைத் தொகுதி மங்கலாய்க் கிடக்க, வாக்குப் பெட்டி வரும் தொகுதி மட்டும் பளபளக்கிறது. இடைத்தேர்தல் வேலை பார்த்த நம் தோழர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல. அதை 830 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான் புதுச்செய்தி.

ஆகவே இந்தக் கண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியவர்கள் யார் என்று தெரிகிறது அல்லவா? அது பயன்பட வேண்டிய இடமும் தெரிகிறது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவிலே இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட நாட்களிலே எந்த ஊருக்கு ஒளி திரும்பிற்று, எந்த ஊர் இன்னும் இருட்டிலே கிடக்கிறது என்று இரவுக்கு இரவு அறிய இந்தப் படம் உதவும். 2017இலே போர்ட்டோரிக்கோ தீவைப் புயல் அழித்தபோது அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் அப்படித்தான் பார்த்தார்கள். மின்சாரம் திரும்ப நெடுநாள் ஆன இடங்கள் பெரும்பாலும் ஏழை எளியவர் வாழும் ஒதுக்குப்புறங்களே என்றும் அவர்கள் கண்டார்கள்.

ஆனால் படம் என்றவுடனே மயங்கிவிடுவது நம்மவர்க்கு ஒரு நோய். ஆண்டுதோறும் தீபாவளி வந்தால் ஒரு படம் கைபேசிக்குக் கைபேசி பறக்கும்: வானத்திலிருந்து பார்த்த தீபாவளி இந்தியா! நீலமும் பச்சையும் சிவப்புமாய் நாடே மத்தாப்பாய் ஒளிரும். பொய்! அது எல்விட்ஜ் தொகுத்த படம். 1992, 1998, 2003 ஆகிய ஆண்டுகளிலே புதிதாக ஒளி தெரிந்த இடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு நிறமாகத் தீட்டிய ஆய்வுப் படம். எந்தத் தீபாவளி இரவும் அதிலே இல்லை. 2012ஆம் ஆண்டுத் தீபாவளிச் சமயத்திலே, நவம்பர் 12ஆம் நாள் இரவுப் படத்தை அமெரிக்க விண்வெளி நிறுவனமே வெளியிட்டு விளக்கம் சொன்னது. தீபாவளியிலே கூடும் ஒளி வானத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சொற்பம் என்றது. அந்தப் பட்டாசையெல்லாம் செய்து அனுப்பும் சிவகாசி நம் அண்டை ஊர். பட்டாசு செய்வது பகல் வெளிச்சத்திலே நடக்கும் தொழில். உயிரைப் பணயம் வைத்துப் பகலெல்லாம் மருந்து இடிக்கும் தொழிலாளியின் உழைப்பு இரவுப் படத்திலே ஒரு புள்ளியும் சேர்க்காது. அவன் செய்த வெடியும் சேர்க்காது.

இன்னொன்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், கொரோனாக் காலத்திலே, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். அணைத்தார்கள். நாட்டின் மின்தேவை 31,000 மெகாவாட்டு அளவுக்குச் சரிந்தது. மின்கட்டமைப்பைக் காத்து நின்ற பொறியாளர்களுக்கு அன்று வியர்த்த வியர்வை அவர்களுக்குத்தான் தெரியும்! இத்தனை பெரிய சரிவு வானத்துக் கணக்கிலே இடம்பெற்றதா? துணைக்கோள் வந்தது ஒன்றரை மணிக்கு. விளக்கு அணைந்தது ஒன்பது மணிக்கு. 2012இலே சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று மின்வெட்டு வாட்டியதே, அந்த ஓரவஞ்சனையும் அப்படித்தான். பகலிலே தறி நின்று கூலி போன நெசவாளியின் வயிற்றெரிச்சல் இரவுப் படத்திலே எப்படித் தெரியும்? புனேயிலே பிரயாஸ் என்ற அமைப்பினர், வீடுகளிலே சிறு கருவியைச் செருகிவைத்து, மின்சாரம் எந்த நிமிடம் வந்தது, எந்த நிமிடம் போயிற்று, எந்த அழுத்தத்திலே வந்தது என்று பதிவு செய்தார்கள். வானத்துக்குப் போகாமல் சுவரிலே வைத்த கண்! அந்தக் கண்தான் தறிக்காரனுக்குச் சாட்சி சொல்லும்.

இவை எல்லாவற்றையும்விட நம் நெஞ்சைக் குடையும் செய்திக்கு வருவோம்.

டெல்லி, 'மின்வசதி பெற்ற ஊர்' என்பதற்கு ஒரு காலத்திலே என்ன இலக்கணம் வைத்திருந்தது தெரியுமா? 1997 வரையிலே இருந்த இலக்கணப்படி, ஊரின் வருவாய் எல்லைக்குள்ளே எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அந்த ஊர் மின்வசதி பெற்ற ஊர்! பண்ணையாரின் கிணற்றிலே ஒரு மோட்டார் ஓடினால், ஊரிலே ஒரு குடிசைக்கும் விளக்கு இல்லாவிட்டாலும், ஏட்டிலே ஊர் ஒளிபெற்றுவிடும். 2004இலே இலக்கணத்தை மாற்றினார்கள். மின்மாற்றியும் கம்பியும் மக்கள் குடியிருக்கும் பகுதிக்கு வர வேண்டும், ஆதிதிராவிடர் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் வர வேண்டும், பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் மின்சாரம் கிடைக்க வேண்டும், நூற்றுக்குப் பத்து வீட்டுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்றார்கள். நூற்றுக்குப் பத்து! இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், மணிப்பூரிலே லெய்சாங் என்ற சிற்றூருக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததும், இந்தியாவிலே இனி இருண்ட ஊரே இல்லை என்று முழங்கினார்கள். தொண்ணூறு வீடு இருண்டிருந்தாலும் ஊர் இருண்ட ஊர் அல்ல!

அந்த இலக்கணத்திலே 'ஆதிதிராவிடர் குடியிருப்பு' என்ற சொல்லைத் தனியே எழுத வேண்டிய தேவை எப்படி வந்தது? எண்ணிப் பாருங்கள். கம்பி ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது, சேரிக்குள்ளே போகவில்லை, போகாததை ஊர்க்கணக்கு மறைத்தது. அதனாலேதான் எழுத வேண்டி வந்தது. தமிழ்நாடு இதிலே பல மாநிலங்களுக்கு முன்னோடி. குடிசைக்கும் ஒரு விளக்குக் கொடுத்த மாநிலம். ஆனாலும் ஊர்த்தெருவிலே கம்பத்துக்குக் கம்பம் விளக்கு எரிய, காலனியின் கடைசிக் கம்பத்திலே பல்பு போய் மூன்று திங்கள் ஆகியும் மாற்ற ஆள் வராத கதை நமக்குத் தெரியாததா?

இதை வானத்துக் கண் பார்க்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 742 மீட்டர் சதுரம் என்றால் ஏறத்தாழ 136 ஏக்கர். நம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலே ஊரும் சேரியும் இடையிலே உள்ள ஓடையும் சேர்ந்து அந்த 136 ஏக்கருக்குள்ளே அடங்கிவிடும். ஊரின் ஒளி, சேரியின் இருள் இரண்டையும் ஒரே கட்டத்திலே போட்டுக் கலக்கி, சராசரியாக ஓர் எண்ணைக் கொடுக்கும். ஆயிரம் ஆண்டுகளாக நம்மவர் பிரித்தே வைத்திருந்ததைத் துணைக்கோள் ஒரே கட்டத்திலே சேர்த்துவிட்டது! சமத்துவம் என்று கைதட்டத் தோன்றும். தட்டாதீர்கள். பந்தியிலே ஒருவனுக்கு இரண்டு இலை, இன்னொருவனுக்கு இலையே இல்லை. சராசரியிலே ஆளுக்கு ஓர் இலை என்று சொல்லும் சமத்துவம் இது.

தேசியத் தொலையுணர்வு மையம் 2012 முதல் 2021 வரையிலான இரவு ஒளி மாற்றத்தைத் தொகுத்து 2023இலே வெளியிட்டது. பத்தாண்டிலே இந்தியாவின் ஒளி 43 விழுக்காடு கூடியிருக்கிறது என்றது. பெரிய பரப்பை எடுத்தால் இந்தக் கணக்கு உண்மைக்கு அருகிலே வரும். நாடு என்றால் நன்றாக வரும், மாநிலம் என்றால் வரும். மாவட்டம் என்று இறங்கும்போதே ஆட்டம் காணும். இராசபாளையம் வேறு, திருவில்லிபுத்தூர் வேறு என்று ஊர் ஊராகப் பிரித்து, அதற்குள்ளே தெருத் தெருவாகப் பார்க்கத் தொடங்கினால், ஆலையின் கூரையும் உழவனின் கிணறும் சேரியின் கடைசிக் கம்பமும் குறுக்கே வந்து நிற்கும்.

நாம் கேட்பது பெரிதல்ல. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் எத்தனை யூனிட்டு விற்றது, ஆலைக்கு எவ்வளவு, விசைத்தறிக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு என்பது மின்வாரியத்தின் ஏட்டிலே இருக்கிறது. துணைமின்நிலையத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு வழித்தடத்திலும் மீட்டர் வைக்கலாம். ஊர் மின்மாற்றிக்கு ஒரு மீட்டர் வைக்கலாம். உழவனின் வீட்டு வாசலிலே கைவைக்காமல், மின்மாற்றியிலேயே வேளாண் செலவை அளந்துவிடலாம். அளந்ததை ஊரறிய வெளியிட வேண்டும். வெளியிட்டால், வானத்துக் கணக்கைப் பக்கத்திலே வைத்து, எங்கே பொருந்துகிறது, எங்கே வேறுபடுகிறது, வேறுபடும் இடத்திலே கசிவா, திருட்டா, கூரைக்குள்ளே ஓடும் கதிரா என்று அறிஞர்கள் ஆராயலாம். நம் நாட்டுத் துணைக்கோள் அறிஞர்களுக்கு அந்தத் திறமை இருக்கிறது. அவர்களிடம் கொடுக்க வேண்டிய ஏடுதான் அலமாரியிலே தூங்குகிறது.

அதுவரையிலே நம் கிளைத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒரு வாரம், இரவு எட்டு மணிக்குமேல், உங்கள் வார்டிலே நடந்து வாருங்கள். ஊர்த்தெருவிலே எத்தனை கம்பம், எத்தனை எரிகிறது, எத்தனை அணைந்து கிடக்கிறது, காலனியிலே எத்தனை கம்பம், எத்தனை எரிகிறது, சோடியமா, எல்.இ.டி.யா என்று தனித்தனியே குறியுங்கள். கம்பத்திலே எண் எழுதியிருக்கும். அந்த எண்ணையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரு படியை நகர்மன்ற உறுப்பினரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இன்னொரு படியைக் கிளை அலுவலகத்திலே ஆணியிலே மாட்டி வையுங்கள். அடுத்த திங்கள் அதே கம்பங்களை மறுபடியும் எண்ண வேண்டும்.